ரேடியேட்டரில் படியும் சேறும் ஓட்டுநர் மேல் விழும் பழியும்

வடகிழக்கு மாநிலங்களில் ‘சூமோ’ என்னும் சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. மிசோரத்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் பலர் சேர்ந்து செல்லும் வாடகை வண்டிக்கு அதுவே பொதுப்பெயர். 1994இல் சந்தைக்கு வந்த டாடா சூமோவின் உற்பத்தி 2019இல் நின்றுபோனது. ஆயினும் பயணச்சீட்டு தரும் இடம் ‘சூமோ கவுன்ட்டர்’ என்றே வழங்குகிறது. அங்கிருந்து புறப்படுவது வேறொரு நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் பெயர் மாறுவதில்லை. ஒரு வணிகப்பெயர் இவ்வாறு பொதுப்பெயராக வேண்டுமெனில், அப்பொருள் மக்களின் அன்றாட வாழ்வோடு பிரிக்க இயலாதபடி கலந்திருக்க வேண்டும். பேருந்து ஏற இயலாத மலைச்சரிவுகளில் நோயாளியும், அரிசி மூட்டையும், தேர்வெழுதச் செல்லும் மாணவரும் நம்பியிருப்பது அந்த ஒரு வண்டியைத்தான்.

அவ்வண்டி மழைக்காலத்தில் நடுவழியில் நின்றுபோவதற்கு நிலச்சரிவு, உடைந்த பாலம், தேய்ந்த டயர் எனக் காரணங்கள் பல. அவற்றுள் மிக எளிதாகத் தடுக்கக்கூடியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான காரணம் ஒன்று உண்டு. அது ரேடியேட்டரில் அடைந்துகொள்ளும் சேறு.

இதைப் பற்றிய பேச்சு இந்தியாவில் பெரும்பாலும் கரடுமுரடுப் பாதைகளில் ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடையே நிகழ்கிறது. கோவாவில் மழைக்காலத்தில் நடைபெறும் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போன்ற போட்டிகளுக்கு வரும் ஜிப்சிகளும் தார்களும் சேற்றுக்கென்றே மாற்றியமைக்கப்பட்டவை. போட்டி வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டரையே முன்பக்கத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தில் உயரமாகப் பொருத்திவிடுவதும் உண்டு. அவ்வண்டிகளோடு பழுதுபார்ப்போர் குழுவும் உடன் செல்கிறது. பிழைப்புக்காக அன்றாடம் அதே சேற்றில் ஓட்டுபவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. அவருடைய வண்டி கொதித்து நின்றால், ‘பராமரிப்பு போதாது’ என்ற ஒரு வரியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி நியாயமானதா என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா.

முதலில் இயக்கத்தைப் பார்ப்போம். எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே தட்டையான குழாய்களும், அவற்றுக்கிடையே மடிப்பு மடிப்பாக அமைந்த மெல்லிய அலுமினியத் தகடுகளும் அவ்வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கின்றன. தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. நீர்த்த சேறு அவ்விடைவெளியில் எளிதாகப் புகுந்துவிடும். பின்னர் எஞ்சினின் வெப்பமே அதைச் சுட்ட செங்கல்லைப் போல இறுக்கிவிடும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காய்ந்த மண் வெப்பத்தைக் கடத்தும் திறன் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அதைவிடக் கேடானது, காற்று செல்லும் வழியே அடைபட்டுவிடுவது. ரேடியேட்டரில் பாதி அடைபட்டால், அந்தப் பாதியில் கூலன்ட் வெப்பத்தை இறக்கிவைக்க இடமின்றி எஞ்சினுக்கே திரும்புகிறது.

இந்த அடைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் ஓட்டுநரைக் குற்றவாளியாக்குகிறது. இன்றைய வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் நிற்கிறது. டீசல் டர்போ வண்டிகள் பலவற்றில் இன்டர்கூலரும் சேர்ந்துகொள்கிறது. இவற்றுக்கிடையே உள்ள விரல் நுழையாத சந்தில்தான் சேறு தங்குகிறது. கிரில்லின் வழியே எட்டிப்பார்ப்பவருக்கு முன்னிருக்கும் கண்டென்சரின் முகம் துப்புரவாகவே தோன்றும். பின்பக்கத்தை விசிறியும் அதைச் சூழ்ந்த உறையும் மறைத்துவிடுகின்றன.

காலமும் ஏமாற்றுகிறது. சேற்றுக்குள் ஓடும்போது ஈரமே ஓரளவு குளிர்ச்சியைத் தருவதால் வண்டி அன்று கொதிப்பதில்லை. இரண்டு நாள் வெயிலில் சேறு காய்ந்த பிறகு, முழுச் சுமையோடு நீண்ட ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும்போதுதான் கொதிக்கிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்று கிடையாது; விசிறி இழுக்கும் காற்றே கதி. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி விழுந்துவிட்டதால், பழுதுபார்ப்பவர் தண்ணீர் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் ஐயுறுகிறார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் நாட்டுப் பட்டறைகளில் பரவலான வைத்தியம். அதனால் அடைப்பு நீங்குவதில்லை; குளிர்ந்த நாள்களில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் கூடுதல் எரிபொருளைக் குடிப்பதே மிச்சம்.

உயரம் இதனினும் இரக்கமற்றது. டார்ஜிலிங் மாவட்டத்தின் சந்தக்பூ 3,636 மீட்டர் உயரத்தில் உள்ளது. மானேபஞ்சனிலிருந்து பழைய லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கிய பாதை அது. அவ்வுயரத்தில் திறந்த கலத்தில் உள்ள தண்ணீர் 88 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையை உயர்த்தித் தருகிறது என்பது உண்மை. ஆனால் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. காற்றின் அடர்த்தியோ கடல்மட்டத்தைவிட 30 விழுக்காடு அளவுக்குக் குறைவு. சமவெளியில் பொறுத்துக்கொள்ளப்படும் அடைப்பு, மலையில் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இதற்கான தீர்வு விந்தையான அளவுக்கு எளியது. சேறு காய்வதற்கு முன்பே, எஞ்சின் ஆறிய பிறகு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். அதுவும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, அதாவது காற்று செல்லும் திசைக்கு எதிராகப் பாய்ச்ச வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கி அடித்தால் சேறு இன்னும் ஆழமாகச் செல்லும். கீழே வடியும் நீர் தெளிவாகும்வரை கழுவுவதே அளவுகோல். பிரஷர் வாஷரை நெருங்கிப் பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, சேறு செய்யாத அடைப்பை நீரே செய்துவிடும். கொதிக்கும் ரேடியேட்டரின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் திடீரெனச் சுருங்கி இணைப்புகள் விரிசல் காணக்கூடும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும்.

தடுப்புக்கும் வழிகள் உண்டு. ஆழமான நீரைக் கடக்கும்போது கிரில்லின் குறுக்கே தார்ப்பாய் கட்டினால், நீர் முன்னே ஒதுங்கி ரேடியேட்டரில் நேரடியாக மோதுவது குறையும். கரையேறிய உடனே அதை அவிழ்த்துவிட வேண்டும். வேகமாகச் சுழலும் விசிறி நீரில் அகப்பட்டால் அதன் இறக்கைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடுவதுண்டு. ஆகவே மெதுவாக, சீரான வேகத்தில் கடப்பது நல்லது. முன்னால் கம்பிவலை பொருத்தினால் கட்டியும் புல்லும் தங்கிவிடும். ஆனால் வலையும் அடைபடும். கழுவப்படாத வலை இன்னொரு சேற்றுச்சுவரே. எந்தத் தடுப்பும் கழுவுதலுக்கு மாற்றாகாது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் வண்டிகள் ஏன் கொதிக்கின்றன? ஓட்டுநருக்குத் தெரியாது என்பதைவிட, கழுவுவதற்கு அவருக்கு இடமும் நேரமும் தண்ணீரும் இல்லை என்பதே சரியான விடை. பகிர்வு வண்டியில் வருமானம் நடைக்கணக்கில் வருகிறது. எஞ்சின் ஆற அரை மணி, கழுவக் கால் மணி என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் அடுத்த நடையின் முறை தப்பிவிடும். மிசோரத்தின் ஊர்கள் பெரும்பாலும் மலைமுகடுகளில் அமைந்தவை. ஓடை கீழே பள்ளத்தில் ஓடும். மழை கொட்டும் நாட்டிலும் வண்டி கழுவத் தண்ணீர் மேலே ஏறி வர வேண்டியிருக்கிறது. இந்நிலையில் பராமரிப்பை அறிவுரையாக மட்டும் வழங்குவது, பொறுப்பைக் கைகழுவும் வேலை.

பொறுப்பு மூவரிடம் பகிரப்பட வேண்டும். முதலாமவர் உற்பத்தியாளர். கரடுமுரடுப் பாதைக்கென விளம்பரப்படுத்தி விற்கும் வண்டியில், கண்டென்சரை இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்திச் சாய்த்து இடைச்சந்தைக் கழுவும்படி அமைப்பது நடக்காத காரியமன்று. அதுபோலவே வெப்பமானியும். முள் காட்டும் கருவியை நீக்கிவிட்டு, கொதித்த பின்னர் எரியும் சிவப்பு விளக்கை மட்டும் வைப்பது செலவைக் குறைக்கலாம்; ஆனால் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்து ஓரங்கட்டும் வாய்ப்பை அது ஓட்டுநரிடமிருந்து பறிக்கிறது. கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரியைத் தொடுவதற்கே நீர் இல்லாமல், விளக்கு எரியாமலும் போகலாம். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கெட் எரிந்திருக்கும். ஒரு மழைக்கால வருமானம் அதோடு தீர்ந்தது.

இரண்டாவது பொறுப்பு மொழி சார்ந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் உள்ள எச்சரிக்கையும், வண்டியோடு வரும் கையேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சில வேளை இந்தியும் உண்டு. அவ்வண்டியை ஓட்டுபவரின் மொழி மிசோ, காசி, ஆதி, நிசி, நேபாளி என விரிகிறது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. மிசோவும் காசியும் அதில் இல்லை. அட்டவணைக்குள் இடம்பெற்ற மொழிகளின் நிலையே கையேட்டைப் பொறுத்தவரை பெரிதும் மேலானதன்று. ‘எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் கழுவுக’ என்ற ஒரு வாக்கியம் ஓட்டுநரின் மொழியில் பானட்டின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தால், அதன் செலவு ஒரு தாளின் செலவு. தொழில்நுட்ப அறிவு ஆங்கிலத்தில்தான் இயலும் என்னும் நம்பிக்கைக்குக் கொடுக்கப்படும் விலை, வளைந்த சிலிண்டர் ஹெட்டுகளாக மலைப்பட்டறைகளில் குவிகிறது.

மூன்றாவது பொறுப்பு மாநில அரசுகளுக்கும் வண்டிச் சங்கங்களுக்கும் உரியது. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒரு கழுவுமிடம் போதும். தகரக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமிப்பது மிசோரத்தார் நெடுங்காலமாகச் செய்துவருவது. அத்தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், மோட்டார் ஏதுமின்றியே குழாயில் ஏறத்தாழ 0.3 பார் அழுத்தத்தில் நீர் வரும். தகடுகளை மடக்காமல் சேற்றைக் கரைக்க வேண்டிய மென்மை அதுவே. கழுவும் நேரத்தை நடைமுறைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டால், கழுவியவர் முறை இழக்கும் அநீதியும் நீங்கும்.

‘நல்ல சாலை போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே’ என்று சிலர் கேட்கலாம். சாலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அருணாசலத்தின் மியாவ்–விஜயநகர் பாதை 157 கிலோமீட்டர். அதை வண்டிகள் செல்லத்தக்கதாக்கப் பல பத்தாண்டுகள் ஆயின, அதுவரை மக்கள் நாள்கணக்கில் நடந்தனர். இமயச்சரிவில் போட்ட சாலையையும் ஒவ்வொரு மழையும் மீண்டும் சேறாக்குகிறது. சாலையை அகலப்படுத்தும் பணியே வெட்டிய மண்ணைப் பாதையில் கொட்டிச் சேற்றைப் பெருக்குகிறது. சாலை வரும்வரையும், வந்த சாலை சரியும்போதும், அவ்வழியே நோயாளியை ஏற்றிச் செல்வது ஒரு சூமோவாகத்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை மலைவழியில் பானட்டைத் திறந்து ஆவி பறக்க நிற்கும் வண்டியைக் காண்போர், ஓட்டுநரிடம் ‘ஏன் பராமரிக்கவில்லை’ என்று கேட்பதற்கு முன், அவர் கடந்து வந்த வழியில் வண்டி கழுவ ஒரு குழாயேனும் இருந்ததா என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த ஓட்டுநர் அல்லர்.