பெரியப்பாவிடம் ஒரு கேள்வி

நாவலை ஆய்வாளர்கள் கையில் கொடுத்தால் கூறுபோட்டுவிடுவார்கள் என்று பலரும் அலுத்துக்கொள்வதுண்டு. நானும் அந்தக் கட்சிதான். ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ பற்றி நடந்த சண்டையைப் படித்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

ஜேன் ஆஸ்டின் எழுதி 1814இல் வெளிவந்த நாவல். ஏழை வீட்டுப் பெண் ஃபேனி, பெரியப்பா சர் தாமஸ் பெர்ட்ரமின் மாளிகையில் வளர்கிறாள். அவருக்கு ஆன்டிகுவா தீவில் தோட்டம் உண்டு. அவர் அங்கே போன சமயம் பிள்ளைகள் நாடக ஒத்திகையில் இறங்குகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று அதை நிறுத்துகிறார்.

1993இல் விமர்சகர் எட்வர்ட் சயித் கேட்டார்: இந்த மாளிகை யார் உழைப்பில் நிற்கிறது? தீவில் அடிமைகளை அடக்கி ஆளும் அதிகாரமும், இங்கே வீட்டை அடக்கி வைக்கும் அதிகாரமும் ஒன்றுதானே? ஆஸ்டினோ ஆன்டிகுவாவைச் சில இடங்களில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சண்டை ஓரிடத்தில் சூடுபிடிக்கிறது. பெரியப்பாவிடம் அடிமை வியாபாரம் பற்றி ஃபேனி கேட்கிறாள். அதன் பின் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு உலகங்களையும் சேர்த்துப் பேச அங்கே மொழியே இல்லை என்றார் சயித். 1995இல் ஆய்வாளர் சூசன் ஃப்ரைமன் மறுத்தார்: அது பெர்ட்ரம் குடும்பத்தின் மௌனம், ஆஸ்டினின் கிண்டலை சயித் கவனிக்கவில்லை.

நாவலை எடுத்துப் பார்த்தேன். இந்தக் காட்சி நேரடியாக வரவே இல்லை. மறுநாள் பெரியப்பா மகன் எட்மண்டிடம் ஃபேனி சொல்லித்தான் தெரிகிறது. அக்காமார் சுவாரசியமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். மேலே கேட்டால் அவர்களை மட்டம் தட்டுவதுபோல் ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டாளாம். இன்னும் கேட்டிருந்தால் அப்பா மகிழ்ந்திருப்பார் என்கிறான் எட்மண்ட்!

எனக்கு உறுத்துவது இந்த மகிழ்ச்சிதான். அடிமை வியாபாரத்தை பிரிட்டன் 1807இல் தடை செய்துவிட்டது. அடிமை முறையோ 1830கள் வரை நீடித்தது. தோட்ட முதலாளியே கூச்சமின்றி உரையாடக்கூடிய வரவேற்பறைப் பேச்சாக அந்த வியாபாரம் ஆகியிருக்கிறது. கேள்வியை நிறுத்தியது குற்றவுணர்வு அல்ல, சலிப்பும் இங்கிதமும். ஆஸ்டினை அடிமை ஒழிப்பு வீராங்கனை ஆக்குபவர்களுக்கும் இந்தப் பக்கம் வசதிப்படாது.

சயித் இந்த நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, மதித்துத்தான் வாசித்தார். அவர் சொல்லாவிட்டால் ஆன்டிகுவாவைத் தாண்டிப் போயிருப்பேன். ஃப்ரைமன் மறுக்காவிட்டால் யார் மௌனம் என்று பார்த்திருக்க மாட்டேன். நம்மை மறுபடி நாவலுக்குள் அனுப்பும் விமர்சனம் தவறாகவே இருந்தாலும் லாபம்தான்.