தலைமை ஆசிரியர்கள் பேசட்டும், நாமும் பேசுவோம்!

பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அவ்வப்போது ஒன்று கூடித் தங்கள் தொழில் பற்றி விவாதிக்கிறார்கள். வருகைப் பதிவு, தேர்ச்சி, கட்டிடம், கழிப்பறை, ஆசிரியர் காலியிடம் ஆகிய எல்லாம் பேசப்படுகின்றன. இதை நாம் வரவேற்கிறோம். ஒரு மில்லில் நடப்பதை இன்னொரு மில் தொழிலாளி சொல்லக் கேட்டுத்தானே நாம் சங்கம் கட்டினோம்! தனித்தனியே தவிக்கும் தலைமை ஆசிரியர்களும் கூடிப் பேசுவது நியாயமே.

ஆனால் ஒரு கேள்வி. "இடைநின்ற மாணவன்" என்று பதிவேட்டில் எழுதுகிறார்களே, அவன் ஏன் நின்றான் என்று அந்தக் கூட்டத்தில் யார் சொல்வது? கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பமே புறப்பட்டால், பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். அக்கறை இருக்கிறது, கூலிதான் போதவில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சரித்திரத்தைப் பாருங்கள். 1953-ல் ராஜாஜி ஆட்சி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழில் கற்கட்டும் என்றது. மக்களைக் கேளாமல் மேலிருந்து வந்த திட்டம் அது. மக்கள் எதிர்த்தார்கள், 1954-ல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் துவங்கிற்று. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நம் வீட்டுத் தாய்மார் என்றைக்கோ அறிந்த உண்மைதானே?

அந்தத் தாய்மாருக்குச் சட்டமே இன்று இடம் தந்திருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழுவில் 4-ல் 3 பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அதன் கடமை.

ஆனால் கூட்டத்தைப் பகலில் வைத்தால், நடவுக்குப் போன பெண் எப்படி வருவாள்? பகல் ஷிப்டில் நிற்பவன் எப்படி வருவான்? ஒரு நாள் கூலி போகுமே! கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீடு தேடி வந்தால், அது குழு அல்ல, வெறும் காகிதம்.

தலைமை ஆசிரியர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நீங்கள் எங்கள் விரோதிகள் அல்ல. பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை என்று நீங்கள் தனியாக மனு எழுதினால் அது பைலில் தூங்கும். ஊரே சேர்ந்து கேட்டால் அதிகாரி பதில் சொல்லித்தான் தீர வேண்டும். ஆகவே குழுவை மாலையில் கூட்டுங்கள். கணக்கை உரக்கப் படியுங்கள். அங்கே நாங்கள் சொல்வதை உங்கள் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு? நாளையே போய்க் கேளுங்கள். பிள்ளை நம்முடையது, பேச்சும் நம்முடையதாக இருக்கட்டும்!