சிறார் கண்பார்வைச் சோதனை: எம்முறை நன்று?

தன் பார்வை குன்றியிருப்பதைக் குழந்தை தானே சொல்லாது. தொடக்கம் முதல் உலகை மங்கலாகவே கண்ட குழந்தைக்கு, உலகம் என்பதே மங்கலானதுதான். கரும்பலகை தெரியாமல் பின்தங்கும் பிள்ளையை 'மந்தன்' என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆதலின், தேடிச்சென்று சோதிப்பது பெரியோர் கடன். எம்முறையில் சோதிப்பது என்பதே வினா.

நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862ஆம் ஆண்டு வெளியிட்ட எழுத்து அட்டை இன்றும் பெருவழக்காக உள்ளது. ஆறு மீட்டர் தொலைவில் நிறுத்திப் படிக்கச் செய்யும் இம்முறை எளிது, செலவும் குறைவு. ஆனால் எழுத்தறிந்த பிள்ளைக்கே பயன்படும். அறியாதோர்க்கு, ஆங்கில 'ஈ' எழுத்தை நாற்றிசையும் திருப்பி அமைத்த அட்டை உண்டு. அதன் கால்கள் நோக்கும் திசையைக் கையால் காட்டினால் போதும். எனினும் இடம் வலம் அறியாத மூன்று வயதுக் குழந்தை இதிலும் தடுமாறும். அவ்வயதினர்க்கு ஏற்றது, பின்லாந்து மருத்துவர் லியா ஹைவரினென் உருவாக்கிய பட அட்டையாகும். ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்னும் நான்கே உருவங்கள். பெயர் சொல்லத் தெரியாத குழந்தையும் கையிலுள்ள அட்டையில் அதே உருவைத் தொட்டுக் காட்டும்.

இக்காலத்தில், பேசாக் குழந்தையின் கண்ணையும் நொடியில் அளக்கும் ஒளிப்படக் கருவிகள் வந்துள்ளன. அவை பார்வைத் திறனை அளப்பதில்லை. குறை நேரக்கூடிய கண்ணைச் சுட்டுகின்றன. விலையும் மிகுதி. மருந்து விட்டுக் கண்ணைத் தளர்த்தி மருத்துவர் செய்யும் சோதனையே கண்ணாடியின் அளவை முடிவு செய்வதற்கு உரியது.

எம்முறையாயினும் ஒரு விதி தவறலாகாது: ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். ஒரு கண் நன்றாகவும் மறுகண் மங்கலாகவும் உள்ள குழந்தை, இரு கண்ணும் திறந்திருந்தால் எல்லா வரியையும் படித்துவிடும். மங்கிய கண்ணை மூளை நாளடைவில் புறக்கணிக்கும். 'சோம்பேறிக் கண்' எனப்படும் இக்குறையை ஏழு வயதிற்குள் கண்டால் எளிதில் திருத்தலாம். பிந்தப் பிந்தப் பயன் குறையும். கண்ணை மூடும் விரல்களின் இடுக்கு வழியே பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் உண்டு. உள்ளங்கையால் மூடச் செய்தல் வேண்டும். ஒற்றை எழுத்தை மட்டும் காட்டினாலும் சோம்பேறிக் கண் தேறிவிடும். எழுத்துகள் நெருங்கி நிற்கும் வரியில்தான் அது வெளிப்படும்.

கோவையில் கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. சங்கரா கண் மருத்துவமனையும், 1997 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் இங்குப் பணிபுரிகின்றன. பள்ளி மாணவர்க்கெனக் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல் தமிழக அரசால் தொடங்கப்பெற்றது. பள்ளி சேருமுன் உள்ள வயதே நம் கவனத்திற்குரியது. பொள்ளாச்சித் தோப்புகளிலும் திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் உழைக்கும் பெற்றோர், கூலியை இழந்து குழந்தையை நகருக்கு அழைத்துவருதல் அரிது. எனவே அட்டை அவர்களைத் தேடிச் செல்லட்டும். அங்கன்வாடியிலும் மக்தபிலும் பயிற்சி பெற்ற கல்லூரி மாணவர் படஅட்டையுடன் சென்று அமர்ந்தால், ஐயத்திற்குரிய குழந்தையை மருத்துவரிடம் அனுப்பலாம்.

கண்ணாடி தருவதோடு கடமை முடிவதன்று. 'கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது' என்று அதைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகளும் உள. அவ்வெண்ணத்தை மாற்றுதல் சமுதாயப் பெரியோர் கையில் உள்ளது. நல்ல முறை எது எனின், குழந்தையின் வயதிற்கு ஏற்றதும், காலத்தில் செய்யப்பெறுவதும், கண்ணாடி முகத்தில் நிலைக்கும்வரை தொடர்வதுமே எனலாம்.