பழைய காருக்கு "பாட்டில் வைத்தியம்"! உள்ளே பார்க்காமல் ஊற்றலாமா?

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். விடியற்காலை 4 மணி. கோயம்பேடு மார்க்கெட்டில் மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்குக் கிளம்பியது ஒரு பழைய மாருதி 800 கார். திருமங்கலம் சிக்னலைத் தாண்டவில்லை. "டொக்... டொக்..." என்று இரும்பை இரும்பு அடிக்கும் சத்தம். மடக்கென்று நின்றது என்ஜின்! சாவியைத் திருப்பினால் அசையக்கூட இல்லை.

காரின் சொந்தக்காரர் என் தாய்மாமன். சின்னப் பூக்கடைதான். அன்றைக்கு இரண்டு கல்யாண ஆர்டர். ஆட்டோ பிடித்து கூடைகளை மாற்றிக்கொண்டு போய்ச் சேர மணி ஆறரை. ஒரு வீட்டில் மாலையை வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தலையைக் குனிந்துகொண்டு வந்தார் மாமா.

அதற்கு நாலு நாள் முன்புதான் ஆயில் மாற்ற ஒரு கடைக்குப் போயிருக்கிறார். "என்ஜின் உள்ளே ஒரே கசடு சார். இந்த பாட்டிலை ஊத்தினா எல்லாம் கரைஞ்சி வந்துடும். வண்டி புதுசாட்டம் போகும்" என்றான் கடைப் பையன். மாமாவும் தலையாட்டினார். ஊற்றினார்கள். பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டார்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு புது ஆயில் விட்டார்கள். பில்? அது மட்டும் கிடையாது!

வடிகட்டி அடைப்பு

நின்றுபோன காரைக் கட்டி இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். அங்கே பல வருஷமாக என்ஜின் பிரிக்கும் ஒரு பாய், காருக்கு அடியில் படுத்து ஆயில் சேம்பரை இறக்கினார். உள்ளே கையை விட்டு வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ரோடு போடுகிற தார் மாதிரி இருந்தது!

"இதப் பாரு தம்பி" என்று ஒரு சின்ன வலை வடிகட்டியைக் காட்டினார். டீக்கடை வடிகட்டியில் தூள் அப்பிக்கொண்டிருக்குமே, அதே கோலம். ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆயில் பம்ப், சேம்பரில் கிடக்கும் ஆயிலை இந்த வலை வழியாகத்தான் உறிஞ்சுகிறது. நாம் காசு கொடுத்து மாற்றுகிறோமே ஆயில் பில்டர், அது பம்புக்கு அப்புறம்தான் வருகிறது. பாட்டில் மருந்து மூலை முடுக்கில் ஒட்டியிருந்த கசடைப் பெயர்த்துவிட்டது. கொஞ்சம் கரைந்து வெளியே போனது. கரையாத கட்டிகள் நாலு நாளாக உதிர்ந்து உதிர்ந்து வலையை அடைத்தன. ஆயில் மேலே ஏறவில்லை. பேரிங் தேய்ந்து, கிராங்க் பிடித்துக்கொண்டது.

முதல் நாளே டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிந்திருக்கிறது. "ஒயர் லூசுன்னு நெனச்சேன்டா" என்கிறார் மாமா. அந்த விளக்கு எரிந்தால் அடுத்த தெரு வரைக்கும்கூட ஓட்டக்கூடாது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

மாமா மேலேயும் தப்பு இருக்கிறது. இரண்டு வருஷமாக அவர் ஆயிலே மாற்றவில்லை. குறைந்தால் அரை லிட்டர் ஊற்றுவார். தினமும் ஓடுவது கொஞ்ச தூரம்தான், அதிலும் சிக்னலுக்கு சிக்னல் நிற்கிற ஓட்டம். என்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறும். இல்லாவிட்டால் கரியோடு கலந்து, ஆயில் களியாகிவிடும். 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன இந்தக் கார் இன்னும் எத்தனையோ கடைக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. அவர்கள் ஓட்டமெல்லாம் இந்த மாதிரி ஓட்டம்தான்.

எப்போது ஊற்றலாம்?

பாட்டிலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓரளவு சுத்தமாக இருக்கும் என்ஜினில், பாட்டிலில் எழுதியிருக்கிற அளவுப்படி ஊற்றி, எழுதியிருக்கிற நிமிஷம் மட்டும் நின்ற இடத்தில் ஓடவிட்டு, சூடு ஆறுமுன் வடித்து, பில்டரையும் மாற்றினால் கெடுதல் வருவது அபூர்வம். ஊற்றியபடியே வண்டியை ரோட்டில் எடுப்பதுதான் மடத்தனம். அந்த மருந்து ஆயிலைத் தண்ணியாக்கிவிடும். பாட்டிலுக்குப் பதிலாக டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவுகிறார்களே, அதற்கும் இதே ஆபத்து உண்டு.

ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் உள்ளே பார்க்க வேண்டாமா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் டேப்பெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். நாலைந்து போல்ட், ஒரு பேக்கிங், அவ்வளவுதான் செலவு. லேசான பழுப்பு என்றால் பாட்டிலே தேவையில்லை. நல்ல ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் சரக்கு சேர்ந்திருக்கிறது. வழக்கமான தூரத்தில் பாதி ஓடியதும் ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் மெதுவாகச் சுத்தமாகும். உள்ளே கறுப்புக் களி அப்பியிருந்தால் பாட்டிலைத் தொடவே கூடாது. சேம்பரை இறக்கி, கையால் வழித்து, வலையைக் கழுவுவதுதான் வழி.

ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் கதையே வேறு. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்களின் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பாட்டில் மருந்தே கிடையாது.

போலி ஆயில் கேஸ் எழுதிய அனுபவத்தில் இன்னொன்று. காலி டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஓட்டை போட்டு எறியுங்கள். இல்லையென்றால் வடிகட்டிய பழைய ஆயில் அதே டப்பாவில் உங்கள் வண்டிக்கே திரும்பி வரும்! 2016-ம் வருஷ விதிப்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. அதைச் சாக்கடையில் கொட்டுகிற கடையை மாநகராட்சி ஏன் எட்டிப் பார்ப்பதில்லை?

இனி எந்தக் கடையானாலும் பாட்டில் ஊற்றினால் அதன் பெயரையும் அளவையும் பில்லில் எழுதித் தரட்டும். எழுத மறுத்தால் ஊற்ற விடாதீர்கள். மாமா கையில் பில் இருந்திருந்தால் நுகர்வோர் கோர்ட்டு வாசலையாவது மிதித்திருப்போம்.

அந்தக் கடைக்குப் போன வாரம் நானே போய் நியாயம் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் முதலாளி. திரும்பி வந்து பைக்கை உதைக்கிறேன், அதே பையன் அதே பாட்டிலோடு ஓடி வருகிறான்.

"சார், பைக்குக்கும் ஊத்தலாம் சார்!"