இரும்புக்கை மாயாவியும் இறால் குஞ்சுகளும்

சிறுவர்க்கென எழுதப்படும் விஞ்ஞான வீரக் கதைகளைப் பெரியோர் படிக்கலாமா, படித்தால் அதனை வெளியில் சொல்லிக்கொள்ளலாமா என்னும் வினா ஒரு விஞ்ஞானச் செய்தி ஏட்டில் இடம்பெறத் தக்கதன்று எனச் சிலர் கருதக்கூடும். இவ்வேட்டின் வாசகர்களுள் பலர் ஆராய்ச்சிக்கூடங்களிலும் பள்ளிகளிலும் பணியாற்றுவோர். அவர்தம் வீடுகளிலும் பிள்ளைகள் உண்டு; அப்பிள்ளைகளின் தலையணைக்கடியில் இத்தகைய நூல்களும் உண்டு. ஆதலின் அவ்வினாவை இங்கே எழுப்புவது தவறாகாது என நம்புகிறேன். என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன்: பெரியோர் படிக்கலாம் என்பது மட்டுமன்று, படித்தேயாக வேண்டும். இவ்விடைக்கு நான் வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

எங்கள் குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தொழில் நிமித்தம் கொச்சிக்கு வந்தது. தகப்பனார் மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். குடியிருப்பு தோப்பும்படியில். சிவகாசியிலிருந்து ஆண்டுதோறும் நாட்காட்டிகள் கொண்டுவரும் உறவினர் ஒருவர், கூடவே எங்களுக்கென்று முத்து காமிக்ஸ் இதழ்களையும் எடுத்து வருவார். அவ்வெளியீட்டின் முதல் இதழாக 1972-இல் வந்ததே இரும்புக்கை மாயாவி.

மாயாவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1962-இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் அவன் கதை தொடராக வந்தது. முதலில் அதனை எழுதியவர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி. சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாயிருந்த லூயி கிராண்டல் விபத்தில் வலக்கையை இழக்கிறான். இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மற்றொரு விபத்தில் கடும் மின்சாரம் அவன் உடலிற் பாய, இரும்புக் கை நீங்கலாக அவன் முழுவதும் கண்ணுக்குத் தெரியாதவனாகிறான். அதன்பின் மறைய வேண்டும்போதெல்லாம் அவன் மின்சாரத்தைத் தேடிச் செல்வான். அதன் வேகம் உடலில் தணிந்ததும் உருவம் மீண்டும் வெளிப்பட்டுவிடும். தொடக்கத்தில் தீயவனாகவும் பிறகு நல்லவனாகவும் அவன் மாறியது சிறுவர் கதைகளில் அன்று அரிது. கப்பல்களுக்கு வழிவிட நடுப்பகுதியைத் தூக்குமாறு அமைக்கப்பட்ட எங்கள் பழைய துறைமுகப் பாலத்தில், மாலை இருளில் ஓர் இரும்புக் கை மட்டும் கைப்பிடிச் சுவரைப் பற்றி நகர்ந்து வருவதாக நானும் தம்பியும் கற்பனை செய்து நடுங்கியிருக்கிறோம்.

1976-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தம்பிக்கு எட்டு வயது. டால்டா டப்பாவின் தகரத்தை வெட்டி வளைத்துக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு, நீண்ட ஆணி ஒன்றைப் பிடித்தபடி மர முக்காலியின்மேல் ஏறி, சுவரிலிருந்த பிளக் துளையில் அதனைச் செலுத்தினான். முக்காலியோடு கீழே விழுந்தான். விரல் நுனிகள் கருகின. உயிருக்கு ஊறு நேரவில்லை. அன்று மாலையே தகப்பனார் வீட்டிலிருந்த இதழ்கள் அத்தனையையும் சணற்கயிற்றால் கட்டிப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டார்.

அவர் செய்ததைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. அதில் சில பத்து மில்லியாம்பியர் மார்பின் வழியே சென்றாலும் இதயத் துடிப்பு நிலைகுலைந்து மரணம் நேரக்கூடும். ‘ஃபியூஸ் இருந்தும் எப்படி இவ்வாறாயிற்று?’ என்று தகப்பனார் அன்று திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது. ஃபியூஸ் கம்பி உருகச் சில ஆம்பியர் வேண்டும். மனிதன் மடிய அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஃபியூஸ் காப்பது வீட்டுக் கம்பிகளையே. வீட்டிலுள்ளோரைக் காக்க 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பிற்காலத்தில்தான் வீடுகளுக்கு வந்தது. தம்பி பிழைத்தது உலர்ந்த மர முக்காலியின் புண்ணியத்தால். அவன் ஆள்காட்டி விரல் நுனியில் அவ்வடு இன்றும் உண்டு.

நெடுங்காலம் தகப்பனார் பக்கமே நியாயம் என்றிருந்தேன். என் மகளுக்கு இத்தகைய நூல் ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்கத்தக்க வீடாக நாங்கள் இல்லை போலும். சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குச் சென்றபோதுதான், மாயாவியின் மறுபதிப்புகளை வாங்க நரைத்த தலையினர் பலர் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டேன். அவர்களுட் சிலர் பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தனர். ஆனால் பக்கங்களைப் புரட்டுவதில் பிள்ளைகளை முந்தியவர்கள் அவர்களே. நானும் ஒன்று வாங்கினேன். பேரனுக்கென்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டேன். இரயிலில் பாலக்காடு வருவதற்குள் அதனைப் படித்து முடித்துவிட்டேன்.

பேரனுக்குப் பத்து வயது. அவன் படித்து முடித்ததும் கேட்ட முதற் கேள்வி: “தாத்தா, மாயாவிக்குக் கண் தெரியுமா?”

இக்கேள்வி புதிதன்று. எச். ஜி. வெல்ஸ் 1897-இல் மறைந்த மனிதனைப் பற்றிய தம் நாவலை வெளியிட்டபின் எழுந்தது. ருஷ்ய விஞ்ஞான எழுத்தாளர் பெரெல்மான் 1913-இல் எழுதிய ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ என்னும் நூல் இதனை அழகுற விளக்குகிறது. அந்நூல் தமிழிலும் மாஸ்கோவில் அச்சாகி வந்தது. நம்மிற் பலர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்தவர்களே. ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படாதிருக்க வேண்டுமாயின், ஒளியை அது விழுங்கவும் கூடாது, வளைக்கவும் கூடாது, திருப்பியனுப்பவும் கூடாது. கண்ணோ, ஒளியை லென்சினால் வளைத்து, விழித்திரையினால் விழுங்கினால்தான் காணும். மாயாவியின் லென்சு காற்றைப்போல் ஆகிவிட்டால் உருவம் குவியாது. விழித்திரை ஒளியை விழுங்காமல் விட்டால் உணர்வு பிறவாது. ஆகவே பிறர் கண்ணுக்கு மறைந்த அக்கணமே அவன் குருடனாகிறான். காண வேண்டுமென்றால் இரண்டு கரும்புள்ளிகளையாவது வெளியில் விட்டுவைக்க வேண்டும்.

இவ்வளவையும் நான் சொன்னேன். பேரன் நம்பவில்லை. ‘கண் மட்டும் தெரிகிற பிராணி எங்கே இருக்கிறது?’ என்றான்.

தோப்பும்படியில் வாழ்வோர்க்கு இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கத்துப் பொக்காளி வயல்களில், நெல் அறுவடை முடிந்தபின் மதகைத் திறந்து ஏற்ற நீரை உள்ளே விடுவர். கடலிற் பிறந்து காயலுக்கு வரும் இறால் குஞ்சுகள் அந்நீரோடு நுழைந்து, வயலில் தங்கி வளர்கின்றன. அறிமுகமான வயற்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு தம்ளர் நீர் மொண்டு வந்தோம். சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. பிறகு இரண்டிரண்டாய்க் கரும்புள்ளிகள் மிதந்து சென்றன. உற்று நோக்கினால் குடலின் மெல்லிய கோடும் சில செம்புள்ளிகளும் புலப்படும். மற்றபடி அவ்வுடலின் ஊடே தம்ளரின் மறுபக்கம் தெரிகிறது. உடலின் திசுக்கள் ஏறத்தாழ நீரைப்போலவே ஒளியைச் செலுத்துவதால் அவை பகைவர் கண்ணுக்கு மறைகின்றன. ஆனால் கண்ணின் கருமையை மறைக்க முடியவில்லை. மறைத்தால் பார்வை போய்விடும். விலாங்கு மீனின் கண்ணாடி போன்ற குஞ்சிலும் இவ்வாறே. இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் முயன்றும் மாயாவியின் ஆசிரியர் ஒரு பக்கத்தில் செய்ததைச் செய்ய இயலவில்லை என்று பேரனிடம் கூறினேன். அவன் வெகுநேரம் தம்ளரை விட்டு அகலவில்லை. நானும் அகலவில்லை என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை. மீன்துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இறால் குஞ்சுகளை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். அவற்றின் கண் ஏன் கறுப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கதையில் ஒரு பொய் இருந்தது. அப்பொய்யே எங்களைத் தம்ளர் வரையில் கொண்டுவந்தது. இதனையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். ஓர் எதிர்க்கருத்தை நண்பர்கள் அடிக்கடி கூறுவர்: பாடநூலில் ஒரு பிழை இருந்தால் நாம் பொறுப்பதில்லை, கதையில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்துவதை எவ்வாறு பொறுப்பது என்பர். ‘இதனை இவ்வாறு கொள்வோம்’ என்று தொடங்கும் உரிமையைக் கணித ஆசிரியர்க்கு நாம் மறுப்பதில்லையே! ஒன்றை மட்டும் கொள்வோம் என்று கேட்டுவிட்டு, மற்றவற்றில் ஒழுங்காக நடந்துகொள்ளும் கதை அவ்வகையைச் சேர்ந்தது. மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான், சிறிது நேரமே மறைவான், இரும்புக் கை ஒருபோதும் மறையாது என்ற விதிகளை மாயாவி மீறுவதில்லை. ஆகையால் அடுத்த பக்கத்தில் அவனுக்கு என்ன இடர் வரும் என்று சிறுவன் தானே கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது. எதுவும் நடக்கலாம் என்றுள்ள கதைகளில் இக்கணக்கிற்கு இடமில்லை. அவற்றைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமில்லை. அவை இன்று மிகுதியாகவும் இருக்கின்றன.

இனி அந்த ஆணி. அதனை நான் மறக்கவில்லை. கதையைப் படித்த சிறுவன் உயிரை இழந்திருக்கக்கூடும். விஞ்ஞானம் வளர இது மிகப் பெரிய விலை. ஆனால் எங்கள் வீட்டில் அவ்விதழ்களைப் பெரியோர் ஒருவரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகப்பனார் ஒரே ஒரு கதையைப் படித்திருந்தால், ஆறாம் ஏழாம் பக்கத்திலேயே ஆபத்தைக் கண்டிருப்பார். அன்றே எங்களை அழைத்துப் பேசியிருப்பார். மண்டிக் கணக்கில் ஒரு காசு பிசகையும் கண்டுபிடிப்பவர்க்கு இது கடினமா? அவர் காகிதத்தின் எடையை மட்டுமே பார்த்தார். ‘சிறுபிள்ளைகள் சமாசாரம்’ என்று நாம் ஒதுக்கும் நூலைச் சிறுபிள்ளைகள் தனியாகத்தான் படிப்பார்கள். அந்தத் தனிமையே அபாயம்.

இவ்வகைத் தொடர்கள் தோன்றிய காலத்தில் இரு சாராரையும் ஒருங்கே எண்ணியே எழுதப்பட்டன. ஜூல் வெர்னின் கடலடிப் பயணக் கதை, கல்விக்கும் பொழுதுபோக்கிற்கும் என்றே பெயர் சூட்டிக்கொண்ட ஒரு பிரெஞ்சுக் குடும்ப இதழில் 1869, 1870 ஆண்டுகளில் தொடராக வந்தது. அதில் நீர்மூழ்கி மன்னார் முத்துப் படுகைக்கும் வருகிறது. ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைக் கப்பல் தலைவர் நெமோ சுறாவினின்று காக்கிறார். அந்த நெமோ ஓர் இந்திய இளவரசர் என்பது பிறிதொரு நாவலில்தான் வெளிப்படுகிறது. நம் நாட்டில் சத்யஜித் ராய் 1961-இல் ‘சந்தேஷ்’ என்னும் வங்கச் சிறுவர் இதழில் பேராசிரியர் ஷொங்குவைப் படைத்தார்; அவ்விதழ் வாங்கிய வீடுகளில் பெற்றோரும் அதனைப் படித்தனர். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லீகர் 1974-இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத்தின் சிறுகதைப் போட்டிக்குப் புனைபெயரில், தம் கையெழுத்தும் தெரியாதவாறு மனைவியாரைக் கொண்டு எழுதுவித்து அனுப்பிப் பரிசு பெற்றார். விஞ்ஞானியே ஒளிந்துகொண்டு கதை எழுத வேண்டியிருந்ததை நினைத்தால் நகைப்பும் வருகிறது, சற்று வருத்தமும் வருகிறது.

கேரளத்தில் 1970 முதல் ‘யுரீக்கா’வும், தமிழகத்தில் 1987 முதல் ‘துளிர்’ இதழும் சிறுவர்க்கு விஞ்ஞானம் சொல்லி வருகின்றன. அரசு ஏடுகளாகிய நாமோ சிறுவரை ஆண்டுக்கொரு கட்டுரைப் போட்டியில் மட்டும் நினைக்கிறோம். இவ்வேட்டில் மாதம் இரண்டு பக்கம் ஒரு விஞ்ஞான வீரத் தொடருக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மாயாவியின் வீதிகள் இலண்டன் வீதிகள். அக்கதைகளில் பெண்கள் தலைகாட்டுவதே அபூர்வம். நம் தொடருக்குக் களம் இங்கேயே உண்டு. விடியுமுன் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் உண்டு. கோடையில் கும்பளங்கிக் காயலில் நுண்ணுயிர்களால் நீர் நீலமாய் ஒளிரும் ‘கவரு’ உண்டு. மழைக்காலத்தில் கரையோரம் கடலை அமைதிப்படுத்தும் ‘சாகரை’ என்னும் சேற்றுப் படுகை உண்டு. தொடரின் ஒவ்வொரு பகுதியின் கீழும், ‘இதில் உண்மையல்லாதது எது?’ என்று ஒரு வரி மட்டும் அச்சிட்டால் போதும். விடையை அடுத்த மாதம்தான் வெளியிட வேண்டும். இடையிலுள்ள முப்பது நாட்களும் வீட்டாரின் வாதத்திற்கு.

பேரன் இப்போது வேறொரு கேள்வியோடு இருக்கிறான். சட்டையும் கால்சட்டையும் மாயாவியோடு சேர்ந்தே மறைகின்றன. இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. அப்படியானால் இடுப்புப் பட்டையின் கொக்கியும் உலோகமாயிற்றே, அது எவ்வாறு மறைந்தது என்கிறான். எனக்கு விடை தெரியவில்லை. வரும் ஞாயிறன்று தம்பி வருகிறான்; அவனிடம் கேட்பதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.