மூச்சுக்கு ஒரு வழி

சத்திரசிகிச்சை செவ்வனே நிறைவேறியது என்று வைத்தியர் கூறும்போது அவருடைய பணி முடிகின்றது. நோயாளியின் பாடு அப்போதுதான் தொடங்குகின்றது. மூக்கின் நடுச்சுவர் கோணியவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதற்கு உட்பட்டவன் என்றவகையில் இதுபற்றிச் சில சொல்ல எனக்கு உரிமையுண்டு.

1902இல் பிரீயரும் 1904இல் கில்லியனும் மென்சவ்வை உரித்துயர்த்திக் கோணிய குருத்தெலும்பை அகற்றும் முறையை விவரித்தனர். மிகுதியாக அகற்றினால் மூக்கின் முதுகு தாழ்ந்துபோவதைக் கண்ட மொறிஸ் கொற்றில் முதலானோர், வெட்டியெறிவதினும் நிமிர்த்தி நிறுத்துவதே நன்றென்றனர். கத்தியின் கலை இவ்வாறு நுண்மை பெற்றது. ஆனால் அறுவை முடிந்ததும் இரு நாசிகளையும் துணிச்சுருளால் இறுக அடைக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் கேள்வியின்றி நின்றது.

மூச்சுக்காக மூக்கை அறுத்துக்கொண்டவன் மூச்சுவிட வாயைத் திறந்து கிடக்கும் விந்தையை என்னென்பது! நா வரண்டு அண்ணத்தில் ஒட்டும். ஒரு மிடறு நீரை விழுங்கினாலும் காது அடைக்கும். உறக்கம் வராது. மணம் அற்றதும் உணவின் சுவையும் பாதி போய்விடும். (குழம்பில் வாசனையில்லையென்று வீட்டாரைக் கடிந்துகொள்வது அநியாயம்.) எல்லாவற்றினும் கொடியது துணியை உருவும் கணம். அறுக்கும்போது மயக்கமருந்து உண்டு. உருவும்போது பெரும்பாலும் அதுவுமில்லை.

குருதி பெருகாதிருக்கவும், சவ்வுகளுக்கிடையில் தேங்காதிருக்கவும் அடைப்பு வேண்டுமென்பர். நியாயமான அச்சமே. எனினும் சுவரை ஊடுருவி இரு சவ்வுகளையும் பிணைக்கும் தையல் அக்காவலைச் செய்வதையும், நோவு குறைவதையும் ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சிலருக்கு அடைப்பு இன்றியமையாததாகலாம். எல்லோருக்கும் வழமையாகத் திணிப்பதையே நான் மறுக்கின்றேன்.

இதனினும் எளிதானது முன்கூட்டிச் சொல்லுதல். தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், ஒரு வாரமாவது மூக்கைச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், சொல்லும் நாளிலிருந்து உப்புநீரால் நாசியைக் கழுவவேண்டும் என்பனவற்றை எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்த முதியவர். உள்வீக்கம் தணியச் சில வாரங்களாகும். ஆதலால் துணி நீங்கியபின்னும் மூக்கு அடைத்திருப்பது தோல்வியன்று. இதை அறியாத இளைஞர் ஒருவர், எல்லாம் வீணாயிற்றென்று வாட்டிலேயே கண்ணீர் விட்டதைக் கண்டேன். நோவும் அடைப்பும் நாட்செல்லக் கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். உள்ளே தேங்கும் இரத்தம் குருத்தெலும்பை அழித்துவிடக்கூடும்.

இத்தனையையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? நான் வீடு திரும்பியபோது என் கையிலிருந்த தாளில் மருந்துகளின் பெயர்கள் மாத்திரமே இருந்தன, அவையும் ஆங்கிலத்தில்.