சிறை மீண்டவருக்கு யார் துணை?

1912-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கண்ணனூர்ச் சிறையினின்று வெளிவந்தபோது எதிர்கொண்டழைக்க நின்றவர்கள் மிகச் சிலரே. 1908-ல் அவர் கைதானதும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தெழுந்ததை நினைத்தால் இது நமக்குப் பெரும் வெட்கம். கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த அம்மகான் வெளியே கண்டதென்ன? கப்பல் கம்பெனி கலைந்திருந்தது. வக்கீல் ஸன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசிக்கடை வைத்தும் காலந்தள்ளினார். ஸன்னதை மீண்டும் வழங்கியவர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்நன்றியால் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். நம் ஊருக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டியில் அவர் மறுபடி வழக்காடியது அதன் பயனே. ஸ்ரீ சுப்பிரமணிய சிவமோ சிறை தந்த தொழுநோயுடன் வந்தார். ரயிலேறவும் சர்க்கார் அவரைத் தடுத்தது.

தேசபக்தர்களையே இவ்வாறு கைவிட்ட நாம், அடிதடி வழக்கில் அகப்பட்ட ஓர் ஏழைக் குடியானவனை எப்படி நடத்துவோம் என்று சொல்லவும் வேண்டுமோ?

2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்கள் குற்றவாளிகளென்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊரார் மட்டும் கைதான அன்றே சொல்லிவிடுகின்றனர். முதன்முறை வழக்கில் சிக்கியவர், உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலம் உள்ளிருந்துவிட்டால், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமல்லாத வழக்குகளில், ஜாமீன் பெறலாமென்று 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சட்டம் கூறுகிறது. இதை அக்கைதிக்கு எடுத்துரைப்பவர் யார்? வக்கீல் தொழிலிலுள்ள நாமே அதற்கு முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குக் கணவனைக் காணச் செல்லும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பஸ் சத்தம் வேறு. கையில் பணமில்லாத மாதத்தில் அவள் போவதில்லை. வீட்டார் தன்னை மறந்தனரென்று அவன் உள்ளே குமைகிறான். மனமுடைந்த மனிதனுக்கு ஒரு கடிதமும் ஒரு புஸ்தகமும் எவ்வளவு பெரிய துணை! பிள்ளையவர்கள் சிறையில் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்ததை நேயர்கள் அறிவர்.

மத்தியச் சிறைகளில் நெசவு கற்பிக்கிறார்கள். சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் கைதிகளே நின்று ஊழியம் செய்கின்றனர். கைதியாயிருக்கையில் நம்பிக்கைக்குரியவன், விடுதலையான மறுநாள் நம்பத்தகாதவனாவது என்ன நியாயமோ! நம் ஊரில் விசைத்தறிகளுக்குக் குறைவில்லை. தறி முதலாளிகள் ஆளுக்கொருவரை ஏற்கட்டும். வட்ட சட்டப் பணிகள் குழுவுடன் சேர்ந்து நமது வக்கீல்கள் மாதமொருமுறை பாளையங்கோட்டை சென்று வரட்டும். வர்த்தகர்கள் அப்பெண்களின் பஸ் சத்தத்துக்கு ஒரு நிதி திரட்டட்டும். ஆடித்தபசுக்கு அன்னதானப் பந்தல் போடும் ஊருக்கு இது பெரிய செலவன்று.